வடிதுணியில் தங்கும் உயிர்கள்

பவளத் தொட்டி வைத்திருப்பவர் ஒரு கட்டத்தில் முடிவு செய்தாக வேண்டிய ஒன்று உண்டு. தொட்டி நீரில் மிதக்கும் துகள்களைப் பிடிக்கப் பஞ்சோ துணிப்பையோ வைப்பதா, வேண்டாமா? பார்வைக்கு இது பம்பு, குழாய், பராமரிப்பு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம். ஆனால் துணிப்பையில் அழுக்கோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் உயிர்களும் சிக்கிச் சாகின்றன. நீரை வடிக்கும்போது துணியில் தங்கும் உயிர்களுக்கு வடிப்பவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்ற கேள்வியைச் சமணமும் பௌத்தமும் குடிநீரை வைத்து வெகு காலத்துக்கு முன்பே எழுப்பின. வியப்பூட்டும் நுணுக்கத்தோடு விடையும் சொல்லி வைத்தன. அந்த விடைகள் கண்ணாடித் தொட்டிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஆராய வேண்டியது.

தொட்டியில் நீர் மூன்று வழிகளில் சுத்தமாகிறது. பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது உயிர்வழி. கரி போன்றவை நீரில் கரைந்ததை உறிஞ்சுவது வேதிவழி. துகளை வழிமறித்துப் பிடிப்பது இயந்திரவழி. இதற்குப் பரவலாகப் பயன்படுவது 100 அல்லது 200 மைக்ரான் கண் கொண்ட துணிப்பை. தொட்டிக்காரர்கள் ‘ஃபில்டர் சாக்’ என்பார்கள். மேல் தொட்டியிலிருந்து வழியும் நீர் ‘சம்ப்’ என்ற கீழ்த்தொட்டியில் விழும் இடத்தில் அதை மாட்டுவார்கள். மீன் எச்சம், தின்னாமல் விட்ட தீனி, பாசித் துணுக்கு, பவளம் உதிர்க்கும் சளி எல்லாம் அதில் தங்கிவிடும். நீர் பளிச்சென்று தெளியும், வெளிச்சம் தடையில்லாமல் அடிவரை இறங்கும், பாறை இடுக்குகளில் சேறு படியாது.

இழப்பு இந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. கோபிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகள் வளர்ந்த பின் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும், 0.2 மில்லிமீட்டர் கண்ணுள்ள துணி அவற்றில் பலவற்றைத் தப்ப விடாது. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த இளவுயிர்களில் ஒரு பகுதி நுழைந்து போகும், மற்றவை ஒட்டிக்கொள்ளும். இவையெல்லாம் பவளத்துக்கும் சில மீன்களுக்கும் உணவு. பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியில் செய்துதரும் சர்க்கரையைக் கொண்டு பெரும்பாலும் வாழ்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும், இரவில் உணர்கொம்பை நீட்டிப் பிடிக்கும் இரையை அது பெரிதும் நம்பியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. துணியில் பிடிபட்ட அழுக்கு நீரோட்டத்தின் நடுவிலேயே இருப்பதால் அங்கேயே அழுகி, கரைந்து, மீண்டும் தொட்டிக்குத்தான் போகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழற்றி அலசாத துணிப்பை அழுக்கை நீக்குவதில்லை. ஓரிடத்தில் திரட்டி வைத்து ஊற வைக்கிறது.

வடிகட்டி வேண்டாம் என்ற தரப்புக்கு வரலாறும் துணையாக இருக்கிறது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங், கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லாமல் தொட்டி நடத்தும் முறையை 1961ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். அடிச்சரளைக்குள் நீரை இழுத்து வடிப்பதே முறை என்றிருந்த அந்தக் காலத்தில் அது பித்துக்குளித்தனமாகத் தெரிந்திருக்கும். பின்னர் ஜெர்மனியில் உருவான ‘பெர்லின் முறை’, உயிர்ப்பாறையோடு புரதத்தை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரைச் சேர்த்தது. பஞ்சையும் துணியையும் ஒதுக்கியது. இன்றைய பவளத் தொட்டிகளில் பெரும்பாலானவை அந்த மரபில் வந்தவை. அந்த மரபுக்குள் துணிப்பை மறுபடி நுழைந்ததற்குத் தெளிந்த நீர் மீதான ஆசை ஒரு காரணம். தொட்டிகளில் மீன் அதிகமானது இன்னொன்று.

கடலில் இருக்கும் பவளத் திட்டுக்கே துணிப்பை கிடையாது, ஆனாலும் அதன் நீர் தெளிவாக இருக்கிறது. சத்துக் குறைந்த நீரில் இவ்வளவு உயிர் எப்படிச் செழிக்கிறது என்பது டார்வின் காலத்திலிருந்து தொடரும் புதிர். விடையின் ஒரு பகுதி 2013ல் வெளியான டச்சு ஆய்வில் கிடைத்தது: பவளமும் பாசியும் நீரில் விடும் கரைந்த கரிமப்பொருளைக் கடற்பஞ்சுகள் உறிஞ்சி, தம் உடலணுக்களை உதிர்த்துத் துகளாக வெளியே தள்ளுகின்றன, அந்தத் துகளைத் தின்று புழுவும் நண்டும் வாழ்கின்றன. கடற்பஞ்சும் சிப்பியும் வடிகட்டிகளே. அவற்றில் தங்குவது பெரும்பாலும் திட்டை விட்டு வெளியே போவதில்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணைசெய்வதே அவற்றின் இயல்பு என்று சமண ஆசிரியர் உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் சொன்னது ஆன்மாக்களை மனத்தில் வைத்துத்தான். திட்டைப் பற்றிய விலங்கியல் குறிப்பாக அதைப் படித்தாலும் பிழையில்லை.

சமணர் வீடுகளில் நீர் வடிப்பது சுகாதாரத்துக்காக ஏற்பட்ட வழக்கம் என்று இன்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். நோய் தவிர்வது அதன் பக்கவிளைவு மட்டுமே. வடிப்பவரின் வயிற்றைக் காப்பாற்றும் நோக்கத்தோடு அது தொடங்கவில்லை; நீரில் உள்ள உயிரைக் குடிப்பவரிடமிருந்து காப்பாற்றவே தொடங்கியது. கெட்டியான துணியை இரண்டாக மடித்து அதன் வழியே நீரை ஊற்றுவார்கள். பிறகு வடித்த நீரையே சிறிது எடுத்துத் துணியின் மறுபக்கத்தில் விட்டு, ஒட்டியிருக்கும் உயிர்களைக் கழுவி இறக்குவார்கள். ‘ஜீவாணி’ எனப்படும் அந்தக் கழுவுநீரை எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார்களோ அதே கிணற்றில் சேர்க்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் விழும் வேகத்தில் அவை சாகும் என்பதற்காக, அடியில் கொக்கி வைத்த வாளியை நீர்மட்டம் வரை இறக்கி அங்கே கவிழ்க்கும் வழக்கமும் உண்டு. வடித்த நீர் 48 நிமிடம், அதாவது ஒரு முகூர்த்தம்தான் வடித்த நீராகக் கணக்கு. அதற்குப் பின் அதில் மீண்டும் உயிர் தோன்றிவிட்டதாகக் கொண்டு திரும்ப வடிப்பார்கள். கிணறு போய்க் குழாய் வந்ததும் இந்த ஒழுக்கத்தின் பின்பாதிதான் முதலில் விழுந்தது. குழாயில் துணி கட்டலாம். துணியில் தங்கியதை எந்தக் கிணற்றில் விடுவது?

பௌத்தத் துறவிக்கு அனுமதிக்கப்பட்ட எட்டு உடைமைகளில் திருவோடு, சீவரம், ஊசி, சவரக்கத்தி ஆகியவற்றோடு நீர் வடிகட்டியும் ஒன்று. உயிருள்ள நீர் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவதும், அதைப் புல்லிலோ மண்ணிலோ ஊற்றுவதும் துறவியர் ஒழுக்க நூலான விநயத்தில் தனித்தனிக் குற்றங்கள். வழிநடைத் துணையாகச் சென்ற இரு துறவிகளில் ஒருவர், பழைய மனத்தாங்கலால் தம் வடிகட்டியை மற்றவருக்குத் தர மறுக்க, அவர் நீர் குடியாமலே இறந்துபோன கதையும் அங்கே வருகிறது; கேட்டால் வடிகட்டியைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியா வந்திருந்த சீனத் துறவி இ-சிங், வடிக்கும் முறையையும், சிக்கிய பூச்சிகளை நீர்நிலையிலேயே கொண்டு விடுவதற்கான பாத்திரத்தையும் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மணிமேகலை தன் பயணத்தை முடிக்கும் காஞ்சியிலிருந்து சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரம் ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சற்றுக் கூடுதல் தூரம்தான். இந்தத் தெற்குப் புறநகர்ப் பகுதிக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல. பல்லாவரத்தில் குடைவரை எடுத்த மகேந்திரவர்மனும், மரபுக் கதையின்படி, சமணத்தில் இருந்து சைவத்துக்கு வந்தவன்.

இரு மரபுகளிலும் வடித்தல் என்பது பிடிப்பதும் திருப்பிவிடுவதும் சேர்ந்த ஒரே செயல். தொட்டியின் துணிப்பையில் முதல் பாதி மட்டுமே இருக்கிறது. அதைக் கழற்றிக் குழாயடியில் அலசும்போது, உப்பில்லாத நீர் பட்டுக் கோபிபாட்களில் பெரும்பாலானவை சாகும். சமணக் கண்கொண்டு பார்த்தால் வடிகட்டியின் குற்றம் பிடிப்பதில் இல்லை, அலசும் இடத்தில் இருக்கிறது.

இதில் எதை உயிரென்று எண்ணுவது என்பதும் தீர்க்கப்பட வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவாகவும், நத்தையையும் சிப்பியையும் ஈரறிவாகவும், எறும்பையும் கறையானையும் மூவறிவாகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவாகவும் அடுக்குகிறது. கோபிபாட் நண்டின் தூரத்து உறவு; அந்த வரிசையில் அதற்கு நாலாம் படி வரை உரிமை கோரலாம். பவளத்தின் நிலை இன்னும் விசித்திரம். தமிழில் அது கொடி, நவமணிகளில் ஒன்று, மருந்து. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்குப் பவழ பற்பம் என்ற பெயர் புதிதில்லை. அந்த மருந்தும் மோதிரக் கல்லும் செம்பவளத்திலிருந்து வருபவை. தொட்டியில் வளர்வன பெரும்பாலும் வேறு இனங்கள். பவளத்தின் ‘பூக்கள்’ உண்மையில் விலங்கின் வாய்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் பெய்ஸொனெல் 1720களில் சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. சமண ஆகமமான உத்தராத்தியயனம் பவளத்தை உலோகங்களோடும் மணிகளோடும் சேர்த்து மண்ணுடல் உயிர்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வகைப்பாடு தவறு. ஆனால் கல் என்று மற்றவர்கள் கையில் எடுத்ததை உயிர் என்று சொன்ன துணிவு அந்தப் பட்டியலுக்கு இருந்தது.

இந்தியச் சட்டமும் தாமதமாக அங்கே வந்து சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திட்டு கட்டும் பவளங்கள் 2001ல் சேர்க்கப்பட்டன. கரும்பவளமும் கடல் விசிறியும் உடன் வந்தன. அதற்கு முன் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள்; அந்த வெட்டோடு தொடர்புபட்டு 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கின. இன்று அங்கிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து தொட்டியில் வைப்பது புலித்தோல் வைத்திருப்பதற்கு நிகரான குற்றம். சென்னைக் கடற்கரையிலோ சொல்லத்தக்க பவளத் திட்டே கிடையாது. ஆகவே சேலையூரிலோ மேடவாக்கத்திலோ சட்டப்படி நடக்கும் ஒரு பவளத் தொட்டி, தன்னைச் சூழ்ந்த எந்த நீர்நிலைக்கும் உறவில்லாத தனித் தீவு. இது பின்னால் முக்கியமாகும்.

சமண இல்லறத்தார்க்குத் துறவியின் கண்டிப்பு இல்லை. கொலையை நான்காகப் பிரித்து, கொல்ல வேண்டும் என்றே கொல்வதை மட்டும் முற்றாக விலக்கச் சொல்கிறார்கள். சமையல், பெருக்கல், கழுவல் ஆகியவற்றில் நேரும் உயிரிழப்பையும், தொழிலில் நேர்வதையும், தற்காப்பில் நேர்வதையும் குறைக்கச் சொல்கிறார்களே தவிர இல்லாமலாக்கச் சொல்வதில்லை. துணிப்பையில் சாகும் கோபிபாட் இரண்டாம் வகையில் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் அதே இல்லற ஒழுக்கத்தில் பயனற்ற தீங்கு என்று ஒரு தலைப்பும் இருக்கிறது: தேவையின்றி மண்ணைக் கிண்டுவது, நீரைக் கலக்குவது, தீ மூட்டுவது, செடியைக் கிள்ளுவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இதை ஒரு விரதமாகவே வைக்கின்றன. அழகுக்காக வீட்டுக் கூடத்தில் ஒரு கடலை அமைப்பது, கண்டிப்பாகப் பார்த்தால், இந்தத் தலைப்பின்கீழ்தான் வரும். வடிகட்டி பற்றிய கேள்விக்கு முன்பே தொட்டி பற்றிய கேள்வி எழுந்துவிடுகிறது என்பதை மறைக்க முடியாது.

தொட்டி ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை விரதத்துக்குச் சொல்லும் ஐந்து மீறல்கள் வழிகாட்டும். கட்டி வைப்பது, அடிப்பது, உறுப்பை வெட்டுவது, தாங்காத சுமையை ஏற்றுவது, உணவும் நீரும் கொடாமல் நிறுத்துவது. மாட்டையும் வேலைக்காரரையும் மனத்தில் வைத்து எழுதியவை இவை. பவளத் தொட்டியைப் பார்த்து எழுதியவை போல இருக்கின்றன. கண்ணாடிக்குள் அடைப்பது முதலாவது. பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பெருக்குவது மூன்றாவது. பவளம் அதைத் தாங்கி வளர்வது வெட்டுபவருக்கு ஓரளவு ஆறுதல். தொட்டி தாங்காத அளவுக்கு மீன் விடுவது நான்காவது. துணிப்பையின் விவகாரம் ஐந்தாவதில் வருகிறது. நீரில் மிதப்பது பவளத்தின் உணவு என்றால், இருபத்துநான்கு மணி நேரமும் அதை வடித்தெடுப்பது, இரையை வாய் முன்னால் இருந்து பறிப்பது. ஆயினும் நான்காம் மீறலைச் செய்தவருக்கு ஐந்தாவதைத் தவிர்க்கும் வசதி இல்லை. மீன் மிகுந்த தொட்டியில் வடிகட்டியை எடுத்துவிட்டால் உணவு மிஞ்சி நஞ்சாகும். நடைமுறையில் துணிப்பை வாங்கும் முடிவு, அளவுக்கு மேல் மீன் வாங்கிய அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இங்கே ஒரு பழைய சமண விவாதமும் உதவும். 1760ல் ஆச்சாரிய பிட்சு தொடங்கிய சுவேதாம்பரத் தேராபந்தம், தீங்கு செய்யாமல் விலகியிருப்பதே ஆன்மிக தர்மம் என்றது. ஓர் உயிரைக் காப்பதற்காக இன்னொன்றின் வாழ்வில் கைவைப்பதும், பசித்தவனுக்குச் சோறிடுவதும் உலகியல் நன்மைகளே தவிர விடுதலைக்கு வழியல்ல என்று பிரித்தது. மற்றச் சமணர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு நேரெதிர் முனையில் நிற்பவர் வள்ளலார். பிற உயிரின் பசியை நீக்குவதையே சீவகாருணியத்தின் உச்சமாக வைத்து, 1867ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியவர் அவர். கொல்லாதிருப்பது அவருக்கு வாசற்படி. வீடு அதற்கு அப்பால் இருந்தது.

தொட்டிக்கு இந்த இரண்டில் எது பொருந்தும்? தேராபந்தத்தின் வாதம் காட்டுக்கும் கடலுக்கும் வலுவானது. தானே இயங்கும் ஓர் உலகில் மனிதக் கை விலகியிருப்பது பல நேரங்களில் நல்லதையே செய்கிறது. லீ சின் எங்கின் முறையும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது. ஆனால் கண்ணாடிக்குள் அடைத்தவர் விலகி நிற்க முடியாது. அடைக்கப்பட்ட உயிர் உணவைத் தேடிப் போகவோ, அழுக்கை விட்டு நகரவோ வழியில்லாததால், அந்த இரண்டு பொறுப்பும் அடைத்தவர் தலையில் வந்து விழுகிறது. இங்கே எதுவும் செய்யாதிருப்பதும் ஒரு செய்கை. வள்ளலாரின் அளவுகோலை எடுத்தால், வடிகட்டும் கையே ஊட்டும் கையாகவும் இருக்க வேண்டும். துணிப்பை வைக்கிறவர் இரவில் பவளத் தீனி போட்டு அந்நேரம் துணிப்பையை எடுத்துவிட வேண்டும், அல்லது அதன் விளைவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

தொட்டிக்கு வெளியே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் சுத்தமானவர்கள் என்று நினைக்கவும் இடமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013லும், 15 கோடி லிட்டர் ஆலை 2024லும் திறக்கப்பட்டன. தென்சென்னையின் தாகத்தில் ஒரு பங்கை அவை தீர்க்கின்றன. கிடைக்கும் குடிநீரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடல்நீரை இழுத்து, முதலில் அதில் மிதப்பது அனைத்தையும் நீக்கிய பிறகுதான் சவ்வுக்குள் செலுத்துகிறார்கள். கடல்நீரில் மிதவை உயிர்கள் நிறைந்திருப்பதால், ஓர் ஆலையின் ஒரு நாள் வடிப்பு ஊரிலுள்ள எல்லாப் பவளத் தொட்டிகளின் துணிப்பைகளும் சேர்ந்து செய்வதைத் தாண்டக்கூடும். அந்த நீரைக் குடிப்பவர் அனைவரும் இதில் பங்காளிகள். குடிநீர் தேவை, தொட்டி பொழுதுபோக்கு என்ற வேறுபாடு உண்மையானதே. பயனற்ற தீங்கு என்ற சமணத் தலைப்பு பிடிப்பதும் அந்த வேறுபாட்டைத்தான். ஆனால் சிக்கும் உயிரின் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணத்தால் எந்த மாற்றமும் இல்லை.

வட்டாரத்தின் பெரிய வடிகட்டி பள்ளிக்கரணைச் சதுப்பில் இருந்தது; சுருங்கிப் போய் இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து, கோரையில் வேகம் தணிந்து, வண்டலை இறக்கிவிட்டு ஒக்கியம் மடு வழியே கடலை நோக்கிப் போகும். இறங்கிய வண்டல் நாணலாகவும் மீனாகவும் பறவையாகவும் மாறும். 2022ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தபோது சதுப்பின் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு பல பத்தாண்டுகளாக வளர்ந்திருந்தது. சமண இல்லறத்தார் செய்யக் கூடாத பதினைந்து தொழில்களில் ஏரி குளங்களை வற்றச் செய்வதும் ஒன்று என்பதை, மனை விற்ற வரலாறு கொண்ட இந்தப் புறநகரில் நின்று படிக்கும்போது சற்றுக் கூச்சமாக இருக்கும்.

புறநகரின் மழைக்காலம் வடிகட்டி பற்றிய முடிவில் நேரடியாகவே குறுக்கிடுகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று; முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீடுகளுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும், துணிப்பையிலும், மூடிய கொள்கலனுக்குள் வடிக்கும் கேனிஸ்டர் ஃபில்டரிலும் நீர் நகராது. திரட்டி வைத்த அழுக்கை உண்ணும் பாக்டீரியா அங்கிருக்கும் ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். மூடிய கேனிஸ்டருக்குள் பிறகு ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகலாம். மின்சாரம் திரும்பியதும் பம்பு முதலில் தள்ளுவது அந்த நீரைத்தான். இருட்டில் பிழைத்திருந்த மீன் வெளிச்சம் வந்தபின் சாவது இதனால் நேரக்கூடும். பாறையையும் மணலையும் நம்பியிருக்கும் தொட்டியில் பேட்டரிக் காற்றுப்பம்பு ஒன்று பல மணி நேரத்துக்குத் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் துணிப்பையைக் கழற்றி, கேனிஸ்டரைத் திறந்து கழுவி வைப்பது இந்தப் பகுதியில் வடிகட்டி வைத்திருப்பவருக்கு விதியாகவே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நிரந்தரமாக மாட்டிய துணிப்பைக்கு ஆதரவான வாதம் மெலிந்துவிடுகிறது. மீன் குறைவாகவும் பாறை போதுமானதாகவும் நீரோட்டம் நன்றாகவும் இருக்கும் தொட்டிக்கு அது தேவையே இல்லை. தேவைப்படும் நேரங்கள் உண்டு: பாறையை இடம் மாற்றிச் சேறு கிளம்பும்போது, பாசி சுரண்டும் நாளில், புதிய மணல் போட்ட வாரத்தில். அப்போது இரண்டு நாள் மாட்டி, எடுத்து, அலசி, காய வைத்துவிடலாம். பெரிய மீன்கள் நிறைந்த தொட்டிக்கு வேறு வழியில்லை. அங்கே மாட்டுகிறவர் முகூர்த்தம் தவறாமல் வடித்த சமண இல்லத்தரசியின் ஒழுங்கோடு அதைக் கவனிக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை கழுவ முடியாதவர் வாங்காமல் இருப்பது மேல். தானே சுருட்டிக்கொள்ளும் ரோலர் துணி வந்த பிறகு கழுவும் வேலை மிச்சமாகிறது. பிடிபட்ட உயிரைத் திருப்பிவிடும் வாய்ப்பு அதோடு முழுக்கப் போய்விடுகிறது. நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு கடமையையும் சேர்த்தே மிச்சப்படுத்துகின்றன.

அலசும் முறையில்தான் பழைய விதி நேரடியாகப் பயன்படும். தொட்டியின் உப்புநீரையே ஒரு வாளியில் எடுத்து, துணிப்பையை உள்புறம் வெளியாகத் திருப்பி அதில் மெல்ல அமிழ்த்தி அசைத்தால், நீந்தக் கூடியவை பிரிந்து வரும். வாளியின் ஒரு பக்கத்தில் விளக்கு வைத்தால் பல கோபிபாட்கள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். அங்கிருந்து குவளையில் மொண்டு பாசி வளரும் கீழ்த்தொட்டியில் விடலாம். அடியில் தங்கும் கசடு மட்டும் வெளியே போக வேண்டும். அதன் பிறகே துணிப்பைக்குக் குழாய்த் தண்ணீர். ஐந்து நிமிட வேலை. எல்லா உயிரும் தப்பாது, ஜீவாணி விடுபவர்களும் அப்படி எண்ணியதில்லை.

எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்ற நிபந்தனை தொட்டியைப் பொறுத்தவரை கருணைக்கு ஒரு வேலியாகவும் அமைகிறது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் உயிருள்ள வடிகட்டி என்று நன்னீர்த் தொட்டிகளுக்காக விற்கப்பட்ட தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி, கடைகளில் ‘டேங்க் கிளீனர்’, வளர்ந்து பெரிதானதும் கொல்ல மனமில்லாதவர்களால் ஏரிகளில் விடப்பட்டது. இன்று சென்னைப் பகுதி நீர்நிலைகளில் அது பெருகி, வலையைக் கிழித்து, உள்ளூர் மீன்களின் முட்டையையும் உணவையும் தின்கிறது. விட்டவர்கள் ஓர் உயிரைக் காப்பதாகவே நினைத்தார்கள். கிணற்றின் உயிரைக் குளத்தில் விடச் சமண விதி எங்கும் சொல்லவில்லை. கடல்நீர்த் தொட்டியின் கழுவுநீருக்கும், அதில் வரும் புழுவுக்கும், வேண்டாத பவளத் துண்டுக்கும் இதே கணக்குத்தான். அவை வந்த திட்டு வேறு ஏதோ நாட்டில் இருக்கிறது. அவற்றுக்கு இப்போது மூலநீர் அந்தத் தொட்டி மட்டுமே. கசடு நீரைச் செடிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ ஊற்றாமல் கழிவறைச் சாக்கடையில் விட வேண்டும். தொட்டியை மூடிவிட நினைப்பவர் மீனையும் பவளத்தையும் அவற்றின் ஆவணங்களோடு இன்னொரு தொட்டிக்காரரிடம் ஒப்படைக்கலாம். கோவளம் கடலிலோ சேலையூர் ஏரியிலோ விடக் கூடாது.